3060-இல் எல்லா எண்ணும் பெரிது, ஆனால் 4060 வேகம்: இது எப்படி?

கேட்டவர் பொறியியல் மாணவர். இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் விவரங்களை அருகருகே எழுதிப் பார்த்துக் குழம்பியிருக்கிறார். ஆர்டிஎக்ஸ் 3060: 3584 கோர், 12 ஜிபி மெமரி, 192-பிட் பஸ், விநாடிக்கு 360 ஜிபி பேண்ட்வித். ஆர்டிஎக்ஸ் 4060: 3072 கோர், 8 ஜிபி, 128-பிட், 272 ஜிபி. "எல்லா எண்ணும் 2021-இல் வந்த கார்டுலதான் பெரிசா இருக்கு. ஆனா யாரைக் கேட்டாலும் 2023-இல் வந்த 4060தான் வேகம்னு சொல்றாங்க. எது உண்மை? நான் எதை வாங்க?" இதுதான் கேள்வி. அவரிடம் இருப்பது ஐ5-10400எஃப் பிராசசர், எச்410 மதர்போர்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ், 1080பி-யில் 75 ஹெர்ட்ஸ் ஓடும் மானிட்டர். பெரும்பாலும் கேம், கொஞ்சம் பிளெண்டர் (முப்பரிமாணக் காட்சிகள் செய்யும் மென்பொருள்). கூடவே காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக ஏஐ மொழி மாடல்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கும் ஆசையும் இருக்கிறது.

தம்பி, நீங்கள் எழுதிய எண்கள் சரி. கேமில் 4060 வேகம் என்பதும் சரி. 1080பி-யில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் முன்னால் நிற்கும். ஒரே தலைமுறைக் கார்டுகளை ஒப்பிடும்போது இந்த எண்கள் யோக்கியமாக நடந்துகொள்ளும். 4060-ஐ விட 4070-இல் கோர் அதிகம், வேகமும் அதிகம். தலைமுறை மாறியதும் "கோர்" என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிடுகிறது. ஒவ்வொரு எண்ணாக எடுத்து அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்த்தால் கடைசியில் உங்களுக்கான கார்டு தானாக வந்து நிற்கும்.

முதலில் கோர். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது மட்டும் போதாது, ஒவ்வொருவரும் எவ்வளவு சுறுசுறுப்பு என்பதும் வேண்டும். 3060-இன் பூஸ்ட் கிளாக், அதாவது கோர் ஓடும் உச்ச வேகம், 1.78 கிகாஹெர்ட்ஸ், 4060-க்கு 2.46. கோர் எண்ணிக்கையைக் கிளாக்கால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்குங்கள் (ஒரு கிளாக்கில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் சேர்ந்தே நடக்கும், அதனால்தான் இரண்டு). 3060-க்கு 12.7 டெராஃப்ளாப்ஸ் (விநாடிக்கு இத்தனை லட்சம் கோடி கணக்கு என்று பொருள்), 4060-க்கு 15.1. பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்தது. கிளாக் ஏன் இவ்வளவு ஏறியது என்றால், 3060-இன் சிப் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்தது, 4060-உடையது டிஎஸ்எம்சி-யின் 4என் முறையில் செய்தது. முன்னது 276 சதுர மில்லிமீட்டர், பின்னது 159 மட்டுமே. இதில் எனக்கொரு மனத்தாங்கலும் உண்டு. 3060-இல் இருந்தது ஜிஏ106 சிப். அந்த வரிசைப்படி 4060-க்கு ஏடி106 வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு படி கீழே இருக்கும் ஏடி107. 50 வரிசைக்குப் போக வேண்டிய சிப்பை 60 என்று பெயர் சூட்டி விற்றார்கள் என்று சொல்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். இருந்தாலும் வாங்குபவனுக்குச் சிப்பின் ஜாதகம் முக்கியமில்லை, விலைக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் முக்கியம்.

சரி, டெராஃப்ளாப்ஸ் பார்த்தால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் வழுக்கும். 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-க்கு 13.4 டெராஃப்ளாப்ஸ். 2020-இல் வந்த 3070-க்கு 20.3. கணக்குப்படி பாதிக்குப் பாதி கூடுதல் வேகம் வந்திருக்க வேண்டும். கேமில் ஓட்டினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம்! காரணம், 2080 டிஐ பிறந்த டூரிங் தலைமுறையில் தசமக் கணக்குக்குத் தனியே ஓர் அணி, முழு எண் கணக்குக்குத் தனியே ஓர் அணி இருந்தன. 3070 பிறந்த ஆம்பியர் தலைமுறையில் அந்த இரண்டாவது அணிக்குத் தசமக் கணக்கும் சொல்லிக்கொடுத்து, அதையும் சேர்த்துக் "கோர்" என்று எண்ண ஆரம்பித்தார்கள். ஒரே இரவில் கோர் எண்ணிக்கை இரட்டிப்பானது. ஆனால் கேமில் 100 தசமக் கட்டளைக்குச் சுமார் 36 முழு எண் கட்டளை குறுக்கே வரும் என்று டூரிங்கை அறிமுகம் செய்தபோது, இந்தக் கார்டுகளைச் செய்யும் என்விடியாவே சொல்லியிருக்கிறது. அவை வரும்போதெல்லாம் அந்த இரண்டாம் அணி பழைய வேலைக்கே திரும்பிப் போகும். அதனால் 20.3 என்பது எல்லாரும் தசமக் கணக்கே போட்டுக்கொண்டிருந்தால் எட்டக்கூடிய உச்சம், அவ்வளவுதான். போட்டிக் கம்பெனியான ஏஎம்டி-யிலும் இதே கதை: ஆர்எக்ஸ் 7600-க்கு 21 டெராஃப்ளாப்ஸுக்கு மேல் எழுதியிருக்கும், ஆனால் சாதாரண கேம்களில் அது 15.1 உள்ள 4060-ஓடு தோளுரசித்தான் ஓடும். ஒரே கிளாக்கில் இரண்டு கட்டளைகளை ஜோடி சேர்த்து அனுப்ப முடிந்தால்தான் அந்த 21 கிடைக்கும், கேம்களில் எல்லா நேரமும் ஜோடி சேராது.

அடுத்து பஸ், பேண்ட்வித். சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே இருக்கும் பாதையின் அகலம் பஸ், அதில் விநாடிக்கு எவ்வளவு தரவு போய்வரும் என்பது பேண்ட்வித். கணக்கு எளிது: பஸ் அகலத்தை 8-ஆல் வகுத்து மெமரி வேகத்தால் பெருக்க வேண்டும். 3060-இல் 192-ஐ 8-ஆல் வகுத்தால் 24. அதை 15 கிகாபிட்டால் பெருக்கினால் 360. 4060-இல் 16-ஐ 17-ஆல் பெருக்கினால் 272. இந்தக் கணக்கைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், நிறைய மோசடி இதில்தான் வெளிப்படும். அசல் 3060-க்குப் பின்னால், 2022 கடைசியில், 8 ஜிபி மெமரியோடு இன்னொரு 3060 வந்தது. பெயர் அதே, கோர் எண்ணிக்கை அதே. பஸ் மட்டும் 128-பிட்டாகச் சுருங்கி 240 ஜிபி-க்கு இறங்கிவிட்டது. கேமில் நன்றாகவே பின்தங்கும். ஜிடி 1030 கதை இதைவிடக் கொடுமை. முதலில் வந்தது ஜிடிடிஆர்5 மெமரியோடு, விநாடிக்கு 48 ஜிபி. 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்டு ஒன்று வந்தது, விநாடிக்கு 16.8 ஜிபி. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது ஜிடி 1030, 2 ஜிபி என்பதுதான். எந்த மெமரி என்பதைச் சின்ன எழுத்தில் தேட வேண்டும். பல கேம்களில் வேகம் பாதிக்கு வந்துவிடும்.

அப்படியானால் 272 வைத்திருக்கும் 4060 எப்படி 360-ஐ முந்துகிறது? இதற்குப் பதில் உங்கள் பட்டியலில் இல்லாத எண்ணில் இருக்கிறது: எல்2 கேஷ். 3060-இல் 3 எம்பி, 4060-இல் 24 எம்பி. அடுப்பங்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். மளிகை முழுக்க உள்ளறையில் இருக்கிறது, அங்கே போய்வரும் நடை அகலம்தான் பஸ். அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி கேஷ். பெட்டி சின்னதாக இருந்தால் கடுகுக்கு ஒரு நடை, வெந்தயத்துக்கு ஒரு நடை. பெட்டியை எட்டு மடங்கு பெரிதாக்கிவிட்டால் உள்ளறைக்குப் போகும் தேவையே குறைந்துவிடும், நடை குறுகலாக இருந்தாலும் சமையல் நிற்காது. 1080பி-யில் ஒரு ஃபிரேம் வரையத் திரும்பத் திரும்பத் தேவைப்படுவதில் கணிசமான பங்கு அந்த 24 எம்பி-யிலேயே கிடைத்துவிடுகிறது. 4கே-க்குப் போனால் விருந்துச் சமையல். அஞ்சறைப்பெட்டி காலியாகிக்கொண்டே இருக்கும், குறுகிய நடை அப்போது உறைக்கும். 4060-இன் முன்னிலை திரை பெரிதாகப் பெரிதாகச் சுருங்குவது இதனால்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் வேகம். மெமரி அளவு வேறு ஜாதி. கோர் குறைந்தால் கார்டு கொஞ்சம் மெதுவாகும். மெமரி போதாவிட்டால் தடுக்கி விழும். 8 ஜிபி-க்குள் வேலை அடங்கும்வரை 12 ஜிபி-யால் ஒரு ஃபிரேம்கூட அதிகம் வராது, மிச்ச இடம் சும்மா கிடக்கும். 8.1 ஜிபி தேவைப்பட்ட நொடியில் கதை மாறும். அடங்காததைக் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில் வைத்துவிட்டு, கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாகக் கொண்டுவர வேண்டியிருக்கும். உங்கள் போர்டு இங்கேதான் உங்களுக்கு எதிரி. 4060-க்கு அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) மட்டுமே. பிசிஐஇ 4.0 போர்டில் அது விநாடிக்குச் சுமார் 16 ஜிபி. உங்கள் எச்410-இல் இருப்பது 3.0, அதனால் 8 ஜிபி. 3060-க்கு பதினாறு லேன் இருப்பதால் அதே போர்டில் 16 கிடைக்கும். கார்டுக்குள் 272, வெளியே 8: நெடுஞ்சாலையில் வந்த லாரி ஒற்றையடிப் பாதைக்குள் நுழைந்த மாதிரி.

கண்ணால் பார்த்தால் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். 8 ஜிபி கார்டு போட்ட ஒரு மெஷினில், திரை மூலையில் ஃபிரேம் டைம் (ஒரு ஃபிரேம் வர ஆகும் நேரம்) கோட்டை ஓடவிட்டு, ஒரு பெரிய கேமில் தெருத்தெருவாக நடந்து பார்த்தேன். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரம்) "ஹை" என்று இருக்கும்வரை கோடு நூல் பிடித்தாற்போல் ஓடியது. "அல்ட்ரா" வைத்தேன். நின்ற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை, எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) எண்கூட அசையவில்லை. முனை திரும்பியதும் கோடு முள் மாதிரி ஒரு குத்து மேலே போய்விட்டு இறங்கியது, படம் ஒரு கணம் உறைந்து நகர்ந்தது. அடுத்த முனையில் மறுபடியும். சில சுவர்களில் செங்கல் வருவதற்குப் பதில் மங்கலான பூச்சு வந்து, சற்றுப் பொறுத்துத்தான் தெளிந்தது. இரண்டு ஓட்டத்துக்கும் சராசரி எஃப்பிஎஸ் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சராசரியை நம்பக் கூடாது என்பது இதனால்தான். ஒரு கணக்குப் போடுங்கள். 60 ஃபிரேமில் 59 ஃபிரேம் தலா 12 மில்லி விநாடியில் வருகின்றன, ஒன்று மட்டும் 120 எடுக்கிறது. மொத்தம் 828 மில்லி விநாடி, சராசரி 72 எஃப்பிஎஸ். காகிதத்தில் அருமை, ஆட்டத்தில் எரிச்சல். விமர்சனங்களில் "1% லோ" என்று, மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைக் காட்டும் ஒரு சின்ன கோடு சராசரிக்குக் கீழே போட்டிருப்பார்கள். நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். சராசரிக்கும் அதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால் அந்தக் கார்டோ அதன் மெமரியோ மூச்சு வாங்குகிறது.

விமர்சன வரைபடங்களில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். கார்டின் வேகம் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக, இருப்பதிலேயே வேகமான பிராசசரைப் போட்டுச் சோதிப்பார்கள். அது நியாயம்தான், ஆனால் அந்த எண் உங்கள் 10400எஃப்-இல் வராது. உங்கள் மெஷினில் எது தடுக்கிறது என்று தெரிய ஒரு குறுக்கு வழி உண்டு. கேமில் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் தடை கார்டு. அசையாமல் அங்கேயே நின்றால் தடை பிராசசர். எந்தக் கார்டு வாங்கினாலும் அந்த இடத்தைத் தாண்டாது.

கம்பெனி காட்டும் வரைபடங்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு உதாரணம் போதும். 2025 ஜனவரியில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் மேடையில் நின்று, 549 டாலர் 5070 கார்டில் 4090-இன் செயல்திறன் கிடைக்கும் என்றார். 4090-இல் 16384 கோர், 24 ஜிபி. 5070-இல் 6144 கோர், 12 ஜிபி. இது எப்படி என்றால், 5070 வரைந்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையில் ஏஐ மூன்று ஃபிரேம்களை இட்டு நிரப்பும். அப்படி நிரப்பினால் படம் வழவழப்பாகத் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் மவுஸை அசைத்ததற்குக் கேம் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்பது நிஜ ஃபிரேம்களைப் பொறுத்தது. 4060-ஐ 3060-ஓடு ஒப்பிடும்போதும் இந்த இடைச்செருகல் இல்லாத எண்ணையே எடுங்கள். அது 40 வரிசையிலிருந்துதான் என்விடியா கொடுக்கும் ஒரு கூடுதல் வசதி, அவ்வளவுதான். அதை ஓட்டுவதற்கே கொஞ்சம் மெமரி செலவாகும் என்பது 8 ஜிபி கார்டில் ஒரு கூத்து.

இப்போது உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு வருவோம், ஏனென்றால் முடிவை மாற்றுவது அதுதான். கேமில் 360, 272 என்ற எண்கள் ஏமாற்றின என்று பார்த்தோம். மொழி மாடலில் அதே எண்கள் சத்தியம் பேசும். மாடல் ஒவ்வொரு டோக்கனை (சொல் அல்லது சொல்துண்டை) சொல்லும்போதும் தன்னிடம் இருக்கும் எடைகள் (கற்றுவைத்த எண்கள், அளவுருக்கள் என்பதும் இவைதான்) அத்தனையையும் ஒரு முறை மெமரியிலிருந்து வாசித்தாக வேண்டும். 24 எம்பி அஞ்சறைப்பெட்டி 4 ஜிபி மூட்டைக்கு என்ன செய்யும்? கேஷ் கைவிட்டுவிடும், பஸ் மட்டும்தான் மிஞ்சும். 700 கோடி அளவுருக்கள் உள்ள மாடலை 4-பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ 4 ஜிபி. 360-ஐ 4-ஆல் வகுத்தால் விநாடிக்கு 90 டோக்கன், 272-ஐ வகுத்தால் 68. இவை உச்சவரம்புகள், நடைமுறையில் இரண்டும் இதற்குக் கீழேதான் வரும், ஆனால் எது முந்தும் என்பது மாறாது. 1300 கோடி அளவுள்ள மாடலை எடுத்தால் 4-பிட்டிலேயே எடைகள் 7 ஜிபி-யைத் தாண்டும், உரையாடலை நினைவில் வைக்க மேலும் இடம் வேண்டும். 12 ஜிபி-யில் வசதியாக உட்காரும். 8 ஜிபி-யில் வழிந்து, உங்கள் பிசிஐஇ 3.0 எட்டு லேனில் நொண்டும்.

பிளெண்டரில் காட்சி மெமரிக்குள் அடங்கினால் 4060 தெளிவாக வேகம். நீங்கள் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இருப்பதால் அடங்கும். பின்னால் கனமான காட்சிகள் வரும்போது 12 ஜிபி கைகொடுக்கும். வீடியோ ஸ்ட்ரீம் செய்பவராக இருந்தால் 4060-இல் ஏவி1 என்கோடர் இருக்கிறது, 3060-இல் இல்லை; நீங்கள் அதைக் கேட்கவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

மின்சாரத்தில் 4060-க்குத்தான் மாலை. 115 வாட் எங்கே, 170 வாட் எங்கே. தினமும் ஐந்து மணி நேரம் ஆடினால் 55 வாட் வித்தியாசம் மாதத்துக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். சித்திரை வெயிலில் சின்ன அறையில் உட்கார்ந்து ஆடுபவருக்கு அந்தச் சூடும் ஒரு பொருட்டுதான். உங்கள் 450 வாட் எஸ்எம்பிஎஸ் உருப்படியான தயாரிப்பாக இருந்தால் இரண்டையும் தாங்கும்.

என் முடிவு: உங்களுக்கு 12 ஜிபி 3060. கேம் மட்டும்தான், மானிட்டரும் 144 ஹெர்ட்ஸ் என்றால் யோசிக்காமல் 4060 என்றிருப்பேன். உங்கள் திரை விநாடிக்கு 75 முறைதான் புதுப்பிக்கும். பெரும்பாலான கேம்களில், அமைப்புகளைக் கொஞ்சம் சரிசெய்தால், இரண்டு கார்டும் அந்த எல்லையைத் தொட்டுவிடும், அதற்கு மேல் வரும் 20 சதவீதத்தை உங்கள் கண் பார்க்கப் போவதில்லை. மெமரி போதாமையை மட்டும் பார்த்தே தீரும். இன்டெலின் ஆர்க் பி580-உம் 12 ஜிபி, 456 ஜிபி பேண்ட்வித் என்று ஆசை காட்டும். அதற்கு ரீசைசபிள் பார் என்ற வசதி (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே மூச்சில் அணுக விடுவது) போர்டில் இயங்க வேண்டும், பழைய பிராசசர்களோடு சேர்த்தால் வேகம் இறங்குகிறது என்பது சோதனைகளில் வெளிப்பட்ட விஷயம். 10400எஃப் வைத்திருப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

3060-ஐப் புதிதாகவோ பழையதாகவோ வாங்கும்போது, காசு கொடுக்கும் முன் கார்டை ஒரு மெஷினில் மாட்டச் சொல்லி ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். ஷேடர் (கோரை அந்த மென்பொருள் அழைக்கும் பெயர்) 3584, மெமரி 12288 எம்பி, பஸ் 192-பிட்: மூன்றும் இருக்க வேண்டும். பஸ் 128 என்றால் அது அந்த இளைத்த 8 ஜிபி தம்பி. பழைய சிப்பில் புதுப் பெயரை ஏற்றி விற்கும் போலிக் கார்டுகளும் உண்டு, அவற்றில் பலவற்றை அந்த மென்பொருளே போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கனமான சோதனை ஒன்றை இருபது நிமிடம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் கவனியுங்கள். கிரிப்டோ நாணயச் சுரங்கத் தொழிலில் உழைத்துக் களைத்த கார்டு அதற்குள் முனகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டுங்கள், மதர்போர்டில் அல்ல. சிரிக்காதீர்கள். நண்பன் ஒருவன் புதுக் கார்டு வாங்கி இரண்டு வாரம் "ஒரு வித்தியாசமும் இல்லையே" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தால் கேபிள் பழைய இடத்திலேயே இருந்தது. உங்கள் பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது, அதனால் அந்தத் தப்பைச் செய்தால் திரையே வராது. இரண்டு வாரம் ஆகாது.